உங்கள் ஏஜென்ட் யாருக்கு ஏஜென்ட்?

காப்பீடு: கேளுங்கள், சொல்கிறேன்

சென்ற இதழில், ஒரு கம்பெனி ஏஜென்ட் தன் வீட்டுக்காரம்மா பெயரில் இன்னொரு கம்பெனியின் பாலிசியை விற்பதைப் பற்றி, "இதை நான் ஏற்க மாட்டேன்" என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிக் கடிதங்கள் ஏஜென்டுகள் எழுதியவை. கோபமாக எழுதியவர்களும் உண்டு, பயந்து எழுதியவர்களும் உண்டு. மீதி பாலிசிதாரர்களுடையவை. அதனால் இந்த முறை முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில், இறப்புக் கிளெய்ம் பிரிவில் 19 வருடம் உட்கார்ந்திருந்து 2021-ல் ஓய்வு பெற்றவள். விற்பனை செய்தவள் இல்லை. விற்றதெல்லாம் கடைசியில் வந்து சேரும் மேஜையில் இருந்தவள்.

கேள்வி: 17 வருடமாக ஒரே ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஏஜென்டாக இருக்கிறேன். 600 பாலிசிக்கு மேல் நடப்பில் உள்ளது. எங்கள் ஊரில் புதிதாகக் கிளை திறந்த வேறொரு நிறுவனத்தின் மேனேஜர் வீட்டுக்கே வந்து, "உங்க மிஸஸ் பேர்ல ஏஜென்ட் கோடு நம்பர் போட்டுக்கலாம் சார். அவங்க பரீட்சை மட்டும் எழுதட்டும், பிசினஸ் நீங்க குடுங்க" என்கிறார். டேர்ம் பாலிசியில் (பாலிசிக் காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது) எங்கள் பிரீமியம் கூடுதல் என்று என் கஸ்டமர்களே வெளியே போகிறார்கள். அந்த வருமானம் என் வீட்டுக்கே வந்தால் என்ன தப்பு? எல்லோரும்தானே செய்கிறார்கள்?
– பெயர் வேண்டாம், ராசிபுரம்

பதில்: தம்பி, நீங்கள் மறைக்காமல் கேட்டதற்காகவே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1938-ஆம் வருட காப்பீட்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவை 2015-ல் திருத்தினார்கள். அதன்படி ஒரு ஏஜென்ட் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் என்று வகைக்கு ஒன்றில்தான் இருக்கலாம். இரண்டு ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரே ஆள் ஏஜென்டாக இருக்க முடியாது. மீறினால் ஏஜென்டுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். பத்தாயிரம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அனுமதி இல்லாத ஆள் மூலம் வியாபாரம் வாங்கும் நிறுவனத்துக்கு 1 கோடி வரை என்று அந்தத் திருத்தத்திலேயே இருக்கிறது. பிரச்சினை வெடிக்கிற அன்றைக்கு, இப்போது உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கிற மேனேஜர் முதலில் காப்பாற்றப் போவது தன் நிறுவனத்தை. "அவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது, எங்கள் ஏஜென்ட் அந்த அம்மாதான்" என்பார். எழுத்திலும் அப்படித்தான் இருக்கும்.

புது ஏஜென்டை எடுக்கும்போது பேன் எண்ணைப் போட்டு, அவர் வேறெங்காவது ஏஜென்டாக இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் உங்கள் பெயரில் கேட்காமல் உங்கள் மனைவியின் பெயரில் கேட்கிறார். இது தெரிந்தே செய்கிற ஏற்பாடு.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 600 பாலிசி என்கிறீர்கள். பாலிசிக்கு வருடம் 12,000 ரூபாய் பிரீமியம் என்று குறைவாகவே வைத்தாலும் 72 லட்சம். ரினிவல் கமிஷன், அதாவது பழைய பாலிசிகளுக்குப் பிரீமியம் கட்டும்போதெல்லாம் உங்களுக்கு வருவது, 5 சதவீதம் என்று போட்டால் வருடத்துக்கு 3,60,000 ரூபாய். நாளைக்கு நீங்கள் படுத்துவிட்டாலும் வருகிற பணம் அது. உங்களுக்குப் பின்னால் உங்கள் மனைவிக்கு வாரிசுக் கமிஷனாக வரக்கூடியது. அந்த மேனேஜர் காட்டுகிற முதல் வருடக் கமிஷனை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏஜென்சி மோசடிக் காரணத்தோடு ரத்தானால் அந்த ரினிவலுக்கே ஆபத்து வரும். ரத்தானவர் 5 வருடத்துக்கு வேறெங்கும் ஏஜென்சி கேட்டு விண்ணப்பிக்கவும் முடியாது.

"யாருக்குத் தெரியப் போகிறது?" என்றும் இன்னொரு தாளில் எழுதியிருந்தீர்கள். இன்ஸ்பெக்டர் வந்து கண்டுபிடிப்பதில்லை தம்பி. கூட இருக்கிற ஏஜென்ட் போடும் மொட்டைக் கடுதாசியில் தெரியும். அந்த நிறுவனத்தின் பாராட்டு விழாவில், மனைவிக்குக் கொடுத்த ஷீல்டை நீங்கள் கையில் வாங்குகிற போட்டோவில் தெரியும். அதை உங்கள் மச்சான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பார். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு கிளெய்மில் தெரியும்.

அந்தக் கிளெய்ம் என் மேஜைக்கே வந்திருக்கிறது. 2018. குத்தாலம் பக்கத்தில் ஒரு நெல் அரவை மில்லின் மேஸ்திரி, 44 வயது, மாரடைப்பில் போய்விட்டார். பாலிசி போட்டு 14 மாதம்தான் ஆகியிருந்தது, தொகை 10 லட்சம். மூன்று வருடத்துக்குள் நடந்த இறப்பு என்றால் விசாரணை உண்டு. ஃபைலை எடுத்தேன். ஏஜென்டின் ரகசிய அறிக்கை என்று ஒரு பக்கம் இருக்கும். 'இவரை எவ்வளவு காலமாகத் தெரியும்?' என்ற இடத்தில் நீல மையில் '6 வருடம்' என்று இருந்தது. 'உடல்நிலை?' 'நன்று'. கீழே ஒரு பெண்ணின் கையெழுத்து, அழகாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது மாதிரி. விசாரணைக்குப் போனவர் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டால், "அவர் யாருன்னே தெரியாதுங்க. எங்க அண்ணன் கேட்டாரு, நான் கையெழுத்துப் போட்டேன்" என்றாளாம்.

அந்த அண்ணன் வேறொரு நிறுவனத்தின் ஏஜென்ட். மேஸ்திரிக்கு இரண்டு வருடம் முன்னால் தஞ்சாவூரில் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அதை மேஸ்திரி அந்த ஏஜென்டிடம் சொல்லியிருக்கிறார். "அதெல்லாம் எழுதினா பாலிசி கிடைக்காது, நான் பாத்துக்கறேன்" என்று பதில் வந்திருக்கிறது. அவர் பார்த்துக்கொண்ட விதம் இதுதான்: மேஸ்திரியின் மனைவி ஒரு மஞ்சள் பையில் பாலிசி பாண்டு, இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம் போட்டுக்கொண்டு எங்கள் கிளையின் மாடிப்படி ஏறி வந்தார். பேருந்தில் கூட வந்த அந்த ஆள் கீழேயே நின்றுகொண்டார். எதிரே டீக்கடை. என் ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரியும். மேலே வந்தால் "நீங்கள் யார்?" என்று கேட்போம் இல்லையா? அவரால் பதில் சொல்ல முடியாது. அந்த அம்மா என்னிடம், "எங்க ஏஜென்ட் கீழ நிக்கிறாருங்க, அவருக்கு எல்லாம் தெரியும்" என்று மூன்று தடவை சொன்னார். எங்கள் பதிவேட்டில் அப்படி ஒரு ஏஜென்ட் இல்லை. கிளெய்ம் மறுக்கப்பட்டது. கட்டிய பிரீமியம் மட்டும் திரும்பிப் போனது.

மறுப்புக் கடிதத்தை டைப் செய்தவள் நான். அதை இன்றைக்கும் என்னால் சாதாரணமாக நினைக்க முடியவில்லை. அந்த அண்ணன் எங்கள் ஏஜென்டாகவே இருந்திருந்தால் பணம் கட்டாயம் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மாவுக்கு வாதாட ஒரு பிடி இருந்திருக்கும். ஏஜென்ட் செய்வதற்கும் செய்யத் தவறுவதற்கும் நிறுவனம் பொறுப்பு என்று அதே 42-ஆம் பிரிவு சொல்கிறது. ஏஜென்டே இல்லாதவர் செய்ததற்கு யார் பொறுப்பு?

உங்கள் மனைவி தானே பரீட்சை எழுதி, தானே ஆட்களைப் பார்த்து, தானே புரபோசலை (பாலிசிக்கான விண்ணப்பத்தை) நிரப்பித் தொழில் செய்கிறார் என்றால் அது வேறு விஷயம். சட்டம் ஆளைத்தான் கட்டுகிறது, குடும்பத்தை அல்ல. அப்போதும் உங்கள் நியமனக் கடிதத்தில் குடும்பத்தாரைப் பற்றி நிபந்தனை ஏதும் உண்டா என்று படித்துவிடுங்கள். ஆனால் நீங்கள் பேசி முடித்து அவர் கையெழுத்து மட்டும் போடுவது பினாமி ஏஜென்சி. அதற்கு வேறு பெயர் கிடையாது.

டேர்ம் பாலிசி கேட்டு வருகிறவரிடம், "இந்தத் தொகைக்கு அங்கே மலிவு, நேராகப் போய் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது எந்த வியாதியையும் மறைக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். ஒரு கமிஷன் போகும். அவர் பிள்ளையின் படிப்புக்குப் பாலிசி எடுக்க உங்களிடம்தான் வருவார். 17 வருடம் தொழில் செய்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் தெருவிலேயே இருக்கும் எல்.ஐ.சி. ஏஜென்ட் பத்து வருடப் பழக்கம். அவர்தான் இரண்டு வருடம் முன் எங்களுக்கு மெடிக்ளெய்ம் போட்டுத் தந்தார். போன மாதம் என் கணவருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன், பில் 1,38,000 ரூபாய். "எட்டு வருடமாக உள்ள சர்க்கரை நோயை மறைத்துவிட்டீர்கள்" என்று கிளெய்மை மறுத்துவிட்டார்கள். நாங்கள் அவரிடம் சொன்னோம். மாத்திரை டப்பாவையே அவர் பார்த்திருக்கிறார். இப்போது பாலிசியை எடுத்துப் பார்த்தால் ஏஜென்ட் பெயர் இருக்கும் இடத்தில் யாரோ ஒரு பெயர், கோயம்புத்தூர் முகவரி. கேட்டால் "என் ஃபிரெண்டுதான்" என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: அம்மா, முதலில் ஒன்று. ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் மெடிக்ளெய்ம் விற்பதே தப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் முறையாக நியமனம் வாங்கியிருந்தால் தாராளமாக விற்கலாம். அப்படி வாங்கியிருந்தால் உங்கள் பாலிசியில் அவர் பெயர் இருந்திருக்கும். அவர் செய்தது, தன்னிடம் கோடு இல்லாத நிறுவனத்தின் பாலிசியைப் பேசி முடித்து, கோடு இருக்கிற நண்பர் பெயரில் ஏற்றியது. கமிஷனை இரண்டு பேரும் பிரித்துக்கொண்டிருப்பார்கள். சர்க்கரை உண்டு என்று நீங்கள் சொன்னது உங்கள் தெருவோடு நின்றுவிட்டது. கோயம்புத்தூர்க்காரருக்கு அது தெரியவே தெரியாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது, புரபோசல் படிவத்தின் நகலை நிறுவனத்திடம் எழுதிக் கேட்பது. அதில் நோய் பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்தது யார்? கையெழுத்து உங்கள் கணவருடையதா, அல்லது போனுக்கு வந்த ஓ.டி.பி.யைச் சொன்னதோடு சரியா? ஓ.டி.பி. என்றால் எந்த நம்பருக்குப் போனது? ஏஜென்டின் நம்பரையே கொடுத்து முடித்த கதைகள் நிறைய உண்டு. அப்படி இருந்தால் அது உங்களுக்கு வலுவான விஷயம்.

பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஆபரேஷன் கல்லுக்கு, சர்க்கரைக்கு அல்ல என்பதைத் தெளிவாக எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியை இணையுங்கள். மறைத்ததாகச் சொல்லும் நோய்க்கும் இறப்புக்கும் சம்பந்தமில்லாதபோது கிளெய்மை மறுக்க முடியாது என்று 2015-ல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாறான தீர்ப்புகளும் உண்டு, அதனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கூடவே காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகாரைப் பதியுங்கள். 155255 என்ற எண்ணில் போனிலும் பதியலாம்.

ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ, சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிப்பவர்) அலுவலகத்துக்கு எழுதுங்கள். மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, தமிழிலேயே பேசலாம். 50 லட்சம் வரையிலான புகார்களை எடுப்பார்கள். தயங்காதீர்கள். அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போன்றவர்கள்தான்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள்: "அவர் பெயரைச் சொன்னால் அவர் தொழில் போய்விடுமோ, பாவம் பிள்ளை குட்டிக்காரர்" என்று. உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்லுங்கள். "சர்க்கரை இருப்பதை என்னிடம் சொன்னார்கள், நான்தான் எழுதவில்லை" என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் உங்கள் புகாருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. எழுதிக் கொடுக்கத் தயங்குவார். ஏனென்றால் அந்தத் தாள் அவருடைய சொந்த ஏஜென்சிக்கே வினையாகும். பத்து வருடப் பழக்கம் இருந்தும், உங்களுக்குச் சாட்சி சொல்ல முடியாத இடத்தில் அவர் தன்னைத் தானே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார்.

கேள்வி: எங்கள் ஏஜென்ட் பல கம்பெனி பாலிசி எடுத்துத் தருவார். எல்லாப் பிரீமியத்தையும் அவருக்கே ஜிபே செய்துவிடுவோம், அவர் கட்டிவிடுவார். இதுவரை ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இது சரியா?
– ஆர். எஸ்., திண்டுக்கல்

பதில்: சரியில்லை. நிறுத்திவிடுங்கள்.

1997-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஒருவருக்கு எல்.ஐ.சி.யில் தலா 25,000 ரூபாய்க்கு நான்கு பாலிசிகள். 1987 மார்ச்சில் கட்ட வேண்டிய அரையாண்டுப் பிரீமியம் தவறிவிட்டது. ஜூன் 4-ஆம் தேதி ஏஜென்ட் வந்து 2,730 ரூபாய்க்கு பேரர் செக் வாங்கிப் போனார். மறுநாளே செக் பணமாகிவிட்டது. ஆனால் அந்தப் பணம் எல்.ஐ.சி.க்குப் போய்ச் சேர்ந்தது ஆகஸ்ட் 10-ஆம் தேதி. பாலிசிதாரர் விபத்தில் இறந்தது ஆகஸ்ட் 9. குடும்பம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரீமியம் வாங்க ஏஜென்டுக்கு நிறுவனம் அதிகாரம் தரவில்லை, எனவே அவரிடம் கொடுத்தது எல்.ஐ.சி.யிடம் கொடுத்ததாகாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு நாள் வித்தியாசம்.

அவர் அந்த நிறுவனத்தின் முறையான ஏஜென்ட். அப்போதே இதுதான் நிலைமை. உங்களுடையவரோ "பல கம்பெனி" என்கிறீர்கள். அவர் பல கம்பெனி பாலிசியையும் முறையாக விற்கிற புரோக்கரா, அல்லது ஒரு கம்பெனியின் கோடு வைத்துக்கொண்டு மற்றதை அவர் இவர் பெயரில் ஏற்றுகிறவரா? நிறுவனம் அறியாத ஒருவரின் ஜிபே நம்பருக்குப் போன பணத்தை நீங்கள் எந்தப் பதிவேட்டில் தேடுவீர்கள்? பணம் நிறுவனத்துக்குப் போனால்தான் ரிஸ்க் ஆரம்பிக்கும் என்பது காப்பீட்டுச் சட்டத்தின் 64-வி.பி. பிரிவு. நிறுவனத்தின் ஆப், வலைத்தளம், கிளை கவுன்ட்டர், வங்கியில் தானே கழிக்கிற ஏற்பாடு, இதில் எது வசதியோ அதில் கட்டுங்கள். ரசீது உங்கள் போனுக்கே வரட்டும். நல்ல ஏஜென்ட் இதற்காகக் கோபிக்க மாட்டார்.

கேள்வி: எல்.ஐ.சி. ஏஜென்ட் கார் இன்சூரன்ஸ் போட்டுத் தரலாமா?
– எம். கே., நாகர்கோவில்

பதில்: தரலாம். ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் தனியாக நியமனம் வாங்கியிருக்க வேண்டும். இரண்டு நியமனமும் உள்ளவரைக் கூட்டு ஏஜென்ட் என்பார்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், பாலிசியின் முதல் பக்கத்தில் அவர் பெயரும் கோடும் இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான்.

கேள்வி: ஒன்பது வருடமாகக் கட்டிவரும் என் எண்டோமென்ட் (சேமிப்போடு கூடிய) பாலிசியை சரண்டர் செய்து, அதாவது பாதியில் முடித்துவிட்டு, அந்தப் பணத்தை வேறொரு நிறுவனத்தின் புதிய பாலிசியில் போடச் சொல்கிறார், அந்தப் பழைய பாலிசியை விற்ற அதே ஏஜென்ட். அவர் இன்னும் பழைய நிறுவனத்தில்தான் இருக்கிறார். குழப்பமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், விருத்தாசலம்

பதில்: குழம்ப வேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம்.

ஒன்பது வருடம் ஓடிய பாலிசியில் அவருக்கு இனி வருவது சின்ன ரினிவல். புது பாலிசியில் வருவது முதல் வருடக் கமிஷன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். உங்கள் பணம் சரண்டரில் குறையும், சேர்ந்த போனஸும் முழுதாகக் கைக்கு வராது. புது பாலிசிக்கு உங்கள் வயது ஒன்பது கூடியிருக்கிறது. காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவின்படி மூன்று வருடம் தாண்டிய பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் நிறுவனம் கேள்வி கேட்க முடியாது. அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு ஆறு வருடம் முன்பே வந்துவிட்டது. புது பாலிசியில் அந்த மூன்று வருடத்தை மறுபடி முதல் நாளில் இருந்து எண்ண வேண்டும். இடையில் உங்களுக்கு பி.பி.யோ வேறெதுவோ வந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இருக்கிற பாலிசியை முறித்து, மூன்று வருடத்துக்குள் புதியதை எடுக்கும்படி பாலிசிதாரரை வற்புறுத்தக் கூடாது என்பது ஏஜென்டுகளுக்கான நடத்தை விதி. அதை அவர் ஏஜென்சி பரீட்சைக்கே படித்திருப்பார். தன் சொந்த நிறுவனத்தின் பாலிசியைத் தானே உடைத்து, தான் ஏஜென்டாக இல்லாத நிறுவனத்துக்குக் கொண்டுபோகிறார் என்பதில் எனக்குக் கோபம்தான் வருகிறது. பணம் அவசரமாகத் தேவையென்றால் பாலிசியின் மேல் கடன் வாங்கலாம். கிளைக்குப் போய் சரண்டர் மதிப்பையும் கடன் மதிப்பையும் எழுத்தில் வாங்கிப் பாருங்கள். ஒருவேளை ஏற்கெனவே புது பாலிசிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கும் உரிமை உண்டு. பழையதை சரண்டர் செய்வதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன், இன்சூரன்ஸ் தொழிலில் இறங்க ஆசை. அப்பா ஏஜென்ட். ஒரே கம்பெனிக்கு ஏஜென்டாக இருந்தால் வளர முடியாது, எல்லாக் கம்பெனியும் விற்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மறைவாகச் செய்யாமல் அதற்கு வழி உண்டா?
– ஒரு வாசகர், தேனி

பதில்: உண்டு. 'மறைவாகச் செய்யாமல்' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு நிறைந்தது.

பல நிறுவனங்களின் பாலிசியைக் காட்டி விற்பதற்கென்றே இருப்பது இன்சூரன்ஸ் புரோக்கர் நிறுவனம். அது ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும், தவறு நேர்ந்தால் ஈடு செய்யத் தனக்கே ஒரு பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ஏஜென்ட் நிறுவனத்தின் ஆள், புரோக்கர் வாடிக்கையாளரின் ஆள். புரோக்கர் நிறுவனத்தைத் தனியாளாகத் தொடங்க நிறைய முதல் வேண்டும். ஆனால் அவர்களிடம் பி.ஓ.எஸ்.பி. என்கிற விற்பனையாளராகச் சேரலாம். 15 மணி நேரப் பயிற்சி, ஒரு பரீட்சை. நீங்கள் விற்கும் ஒவ்வொரு பாலிசியிலும் உங்கள் பேன் அல்லது ஆதார் எண் ஏறும். எந்த பாலிசியை யார் விற்றார் என்று நாளைக்குக் கேட்டால் பதில் அதிலேயே இருக்கிறது. எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்ததே அதுதான். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: பி.ஓ.எஸ்.பி.யும் ஒரு சமயத்தில் ஓரிடத்தில்தான் இருக்கலாம். எளிய வகை பாலிசிகளைத்தான் விற்கலாம்.

ஒரே நிறுவனத்துக்கு ஏஜென்டாக இருந்தால் வளர முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓர் ஆயுள், ஒரு பொது, ஒரு மருத்துவம் என்று மூன்று நியமனம் வாங்கினாலே ஒரு குடும்பத்துக்குத் தேவையான எல்லாவற்றையும் உங்கள் பெயரிலேயே கொடுக்கலாம். சைக்கிளில் ஆரம்பித்து, அந்த மூன்றை மட்டும் வைத்து இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்த ஏஜென்டுகளை எனக்குத் தெரியும்.

நிறுவனம் பிடிக்காமல் போனால் மாறவும் வழி இருக்கிறது. ராசிபுரம் தம்பிக்கும் இது பொருந்தும். நியமனக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்து எழுதிக் கொடுத்தால், 15 நாளுக்குள் விடுவிப்புச் சான்று தர வேண்டும். சான்று தேதியில் இருந்து 90 நாள் கழித்து இன்னொரு நிறுவனத்தில் விண்ணப்பிக்கலாம். எழுதிக் கொடுக்கும் முன்னால், இதுவரை சேர்ந்த ரினிவல் கமிஷன் விலகிய பிறகும் தொடருமா, எத்தனை வருட சர்வீஸுக்குத் தொடரும் என்று கிளையில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். வாய் வார்த்தையாகச் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

உங்கள் அப்பாவின் கஸ்டமர்கள் உங்களிடம் வந்து, "அப்பா கோடுலயே போட்டுடு தம்பி" என்பார்கள். நீங்கள் ஆளைப் பார்த்து அப்பா கையெழுத்துப் போடுவதாக இருந்தால் அதுவும் வேண்டாம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். புரபோசலில் உள்ள ஒவ்வொரு கேள்வியையும் அவர் முன்னாலேயே கேளுங்கள். சர்க்கரை உண்டா, பி.பி. உண்டா, எந்த வருடம், எந்த ஆஸ்பத்திரி என்று அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். பாலிசி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.